புதுக் கணினிக்கு முதல் இரண்டு இரவுகள்

1.1 என்ற எண்ணின் 53ஆம் அடுக்கைக் கணக்கிட்டு, புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிட்டால் 156 கிடைக்கும். ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையத்தில் இருந்த ஒரு கணினி அந்தக் கணக்குக்கு 0 என்று விடை தந்துகொண்டிருந்தது. கணினி நிற்கவில்லை, நீலத்திரை வரவில்லை, எச்சரிக்கையும் இல்லை. அதன் சிபியுவில் இருந்த பல கோர்களில் ஒன்று மட்டும் சில கணக்குகளைத் தப்பாகப் போட்டது. கோப்பின் அளவு 0 என்று விடை வந்ததால், உள்ளே தரவு இருந்த கோப்புகளைக் காலிக் கோப்புகள் என்று எண்ணி மென்பொருள் தாண்டிப் போனது. கோப்புகள் காணாமல் போன பிறகுதான் தேட ஆரம்பித்தார்கள். 2021இல் அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதே ஆண்டில் கூகுள் பொறியாளர்களும் தங்களிடம் பல ஆயிரம் இயந்திரங்களுக்குச் சில கோர்கள் இப்படி இருப்பதாக எழுதினார்கள்.

வீட்டுக் கணினியில் சிபியுவே இப்படிப் பழுதாகி வருவது அரிது. ஆனால் நாமே பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்யும்போது தப்பு நடக்கக்கூடிய இடங்கள் நிறைய. ராம் குச்சியில் ஒரு மூலை பலவீனமாக இருக்கலாம். கூலர் ஒரு பக்கம் சற்றுத் தூக்கி நிற்கலாம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தடுமாறலாம். விண்டோஸ் ஏறியது, ஒரு விளையாட்டு அரை மணி நேரம் ஓடியது என்பதையெல்லாம் வைத்து ‘எல்லாம் சரி’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். கணினி துவங்குகிறது என்பதற்கு மட்டும்தான் அது சான்று.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எனப்படும் சுமைச் சோதனையைப் பற்றிப் பேசும் பலரும் ‘கணினி நிற்காமல் ஓடுகிறதா’ என்றே பார்க்கச் சொல்கிறார்கள். அது போதாது. போட்ட கணக்கெல்லாம் சரியாக வந்ததா என்று பார்ப்பதுதான் சோதனை. நின்றுபோகும் கணினி தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. நிற்காமல் தப்பாகக் கணக்குப் போடும் கணினி, திருமண வீடியோவை எடிட் செய்பவரின் ஒரு வார உழைப்பையோ, மாணவரின் ஆய்வுத் தரவையோ சத்தமில்லாமல் கெடுத்துவைக்கும். பழுதான தரவையே பேக்கப்பும் எடுத்துவைக்கும்.

சுமை ஏறினால் கணக்கு ஏன் தப்புகிறது? சிபியுவுக்குள் ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்குள்ளும் மின்குறி ஒரு சுற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு 500 கோடி துடிப்புகள். மின்னழுத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகத் திறந்து மூடும். வெப்பமும் பொதுவாக அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கும்போது மின்னோட்டம் சட்டென்று ஏறி மின்னழுத்தம் கணநேரம் தாழும். அடுத்த துடிப்பு வருவதற்குள் விடை வந்து சேரவில்லை என்றால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 நிற்கும். அந்த ஒரு பிட் முக்கியமான இடத்தில் இருந்தால் நீலத்திரை வரும். படத்தின் ஒரு புள்ளியில் இருந்தால் யாருக்கும் தெரியாது.

இந்தச் சோதனையைக் கணினி வாங்கிய உடனே செய்ய வேண்டும். மின்னணுப் பாகங்களில் உற்பத்திக் குறை உள்ளவை பெரும்பாலும் தொடக்கத்திலேயே பழுதைக் காட்டிவிடும். கடையில் மாற்றித் தரும் நாட்கள் மிகக் குறைவு. அது தாண்டினால் வாரண்டி மையம், கூரியர், வாரக்கணக்கில் காத்திருப்பு. இன்னொரு காரணமும் உண்டு. ஆறு மாதம் கழித்துக் கணினி ஹேங் ஆனால் விண்டோஸ் அப்டேட்டா, டிரைவரா, வைரஸா, வன்பொருளா என்று தெரியாமல் அலைய வேண்டியிருக்கும். முதல் வாரத்திலேயே வன்பொருள் தேறிவிட்டதென்றால் பிற்பாடு சந்தேகப்பட வேண்டிய பட்டியல் பாதியாகிவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ரைசன் 7 7700 சிபியு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வீட்டில் சேர்த்திருக்கிறீர்கள். ஏசி இல்லாத அறை.

முதல் முறை பவர் பொத்தானை அழுத்தியதும் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். இந்த வகை மதர்போர்டுகள் டிடிஆர்5 ராமுக்கு ஏற்ற நேர அளவுகளைத் தாமே தேடிக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் எடுக்கும். பயந்துபோய் ஆஃப் செய்துவிடாதீர்கள். பயாஸ் திரை வந்ததும் சிபியு வெப்பத்தைப் பாருங்கள். வேலையே இல்லாத நிலையில் 40, 50 டிகிரி செல்சியஸ் இருந்தால் நம் ஊர் அறைக்குச் சரி. கண்ணெதிரே 70, 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்திவிட்டுக் கூலரைக் கழற்றுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த பாதுகாப்புப் பிளாஸ்டிக்கை எடுக்காமலே பொருத்தியிருக்கக்கூடும். அடிக்கடி நடப்பதுதான். கூலரின் வயரைச் சிபியு ஃபேனுக்கான முனையில் செருகாமல் வேறு முனையில் செருகுவதும் அப்படியே.

சோதனைக்கு முன் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள், யுபிஎஸ்ஸில் இணைத்துக்கொண்டு. இது வெறும் சடங்கு இல்லை. 2023இல் ரைசன் 7000 வரிசைச் சிபியுக்கள் சில எரிந்துபோயின. ராம் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்போ வசதியை இயக்கினால் சில மதர்போர்டுகள் சிபியுவின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தன. அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்த ஏஎம்டி புதிய பயாஸ் கொடுத்தது. பெட்டியில் பல மாதம் கிடந்த மதர்போர்டில் பழைய பயாஸ்தான் இருக்கும்.

முதல் இரவு ராமுக்கு. கணினியில் வேறு எதைச் சோதிப்பதற்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராம் சரியில்லை என்றால் நீங்கள் ஏற்றும் விண்டோஸே பழுதாக ஏறியிருக்கக்கூடும். அதற்கு மேல் நடத்தும் எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை.

ராமில் ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் விநாடிக்குப் பலமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு செல் சீக்கிரம் கசிந்தாலோ, பக்கத்துச் செல்லில் எழுதும்போது இது கலங்கினாலோ பிழை. மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள் 1990களிலிருந்து இதற்காகவே இருக்கிறது. அதிலிருந்து கிளைத்த மெம்டெஸ்ட்86+ முழுக்க இலவசம், 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து டிடிஆர்5ஐயும் ஆதரிக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்க வேண்டும். விண்டோஸ் இல்லாமல் தனியாக ஓடுவதால் ராமின் மிகப் பெரும்பகுதியையும் அது தொட முடிகிறது. எல்லா இடத்திலும் 0, எல்லா இடத்திலும் 1, மாறி மாறி, தற்செயல் எண்கள் என்று பல விதமாக எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். 32 ஜிபிக்கு நான்கு சுற்றுகள் முடியப் பல மணி நேரம் ஆகும். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் விடை இருக்கும்.

அனுமதிக்கக்கூடிய பிழை எண்ணிக்கை பூஜ்யம். ‘32 ஜிபியில் ஒரே ஒரு பிழைதானே’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கூகுள் தன் தரவு மையங்களின் ராமை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்குச் சுமார் 8 சதவீத ராம் குச்சிகளில் பிழை தோன்றியது தெரிந்தது. பிழை வந்த குச்சியில் மறுபடியும் பிழை வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. அங்கே பிழை திருத்தும் இசிசி வகை ராம் இருந்ததால் எண்ண முடிந்தது, திருத்தவும் முடிந்தது. நம் வீட்டு ராமில் அந்தப் பாதுகாப்பு இல்லை. டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே ஒரு சிறு பிழைதிருத்தம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது சில்லுக்குள் நடப்பதை மட்டுமே திருத்தும். குச்சிக்கும் சிபியுவுக்கும் இடையே உள்ள வழியில் நடக்கும் பிழை அதன் கண்ணில் படாது.

ராம் சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ராம் பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் செருகியவுடன் அது 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்போவை, இன்டெல் மதர்போர்டாக இருந்தால் எக்ஸ்எம்பியை இயக்கினால்தான் பெட்டியில் போட்ட வேகம் வரும். முதலில் அடிப்படை வேகத்தில் ஒரு சுற்றுப் பாருங்கள், பிறகு எக்ஸ்போவோடு இரவு முழுக்க ஓடட்டும். அடிப்படை வேகத்திலேயே பிழை வந்தால் குச்சி பழுது, அல்லது ஸ்லாட் பழுது. ஒவ்வொரு குச்சியாகத் தனித்தனியே போட்டுப் பார்த்தால் எது என்று பிடிபடும். எக்ஸ்போவில் மட்டும் பிழை வந்தால் குச்சி, மதர்போர்டு, சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் மூன்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இரண்டு குச்சிகளையும் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு, வேகத்தை 5600க்கு இறக்கிச் சோதியுங்கள். அந்த வித்தியாசம் அன்றாட வேலையில் தெரியவே தெரியாது. நம்பகம் இல்லாத 6000ஐ விட நம்பகமான 5600 எவ்வளவோ மேல்.

பிழை வந்த திரையை மொபைலில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் ‘சில சமயம் ஹேங் ஆகுது அண்ணா’ என்றால் அவர் விண்டோஸை மாற்றிப் போடச் சொல்வார். அந்தப் படத்தைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். படம் அடிப்படை வேகத்தில் எடுத்ததாக இருப்பது நல்லது. எக்ஸ்போவும் எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்கிங் கணக்கில் வருபவை என்பதால் அங்கே வாதம் நீளும்.

இரண்டாம் நாள் சிபியுவுக்கு. சோதிக்கும் மென்பொருளோடு வெப்பம், வேகம், மின் அளவு மூன்றையும் காட்டும் ஒரு கண்காணிப்பு மென்பொருளும் வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ இலவசம், விவரமாகவும் காட்டும்.

சிபியுவைச் சோதிக்கப் பிரைம்95 பழைய, மரியாதைக்குரிய கருவி. அது உருவானது கணினியைச் சோதிக்க இல்லை. மெர்சென் எனப்படும் ஒரு வகைப் பகா எண்களில் மிகப் பெரியவற்றைத் தேட 1996இல் ஜார்ஜ் வோல்ட்மேன் என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தைக் கொடுத்தார்கள். ஓர் எண்ணைச் சோதிக்க நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஆகும். நடுவே ஒரு பிட் தப்பினால் மொத்த உழைப்பும் வீண். அதனால் தன்னார்வலரின் கணினி நம்பத்தக்கதா என்று பார்க்கும் பகுதியொன்றும் அந்த மென்பொருளில் சேர்க்கப்பட்டது. டார்ச்சர் டெஸ்ட் என்று இன்று எல்லோரும் ஓட்டுவது அதைத்தான்.

அது பிழையைப் பிடிக்கும் விதம் அழகானது. பிரம்மாண்டமான முழு எண்களைப் பெருக்க, அவற்றைத் துண்டுகளாக்கித் தசமக் கணக்காக மாற்றிச் செய்கிறது. முடிவில் ஒவ்வொரு துண்டும் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டும். விலகல் 0.4ஐத் தாண்டினால் எங்கோ கணக்குத் தப்பிவிட்டது. அந்தக் கோர் வேலையை நிறுத்திவிட்டு வன்பொருள் பிழை என்று எழுதும். இதோடு, முன்பே தெரிந்த விடைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். அதாவது கணினி கொஞ்சமும் தடுமாறாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘உன் கணக்கு தப்பு’ என்று சொல்லிவிடும்.

இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. இன்டெல்லின் ஸ்கைலேக் சிபியுக்கள் பிரைம்95இல் ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சோதிக்கும்போது மட்டும் உறைந்துபோவதைப் பகா எண் தேடும் இந்தத் தன்னார்வலர்கள்தான் கவனித்தார்கள். 2016 ஜனவரியில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியே திருத்தம் கொடுத்தது. வன்பொருள் வடிவமைப்பிலேயே இருந்த பிழையை ஓர் இலவச மென்பொருள் வெளியே கொண்டுவந்தது.

பிரைம்95இல் மூன்று வகைச் சோதனைகளைக் கவனித்தால் போதும். சிறிய அளவுச் சோதனை சிபியுவை மட்டும் கசக்கி, மிக அதிக வெப்பத்தை உண்டாக்கும். பெரிய அளவுச் சோதனை மெமரி கன்ட்ரோலரையும் ராமையும் சேர்த்து இழுக்கும். பிளெண்ட் என்பது இரண்டின் கலவை. வெப்பத்தைப் பார்க்கச் சிறியதை அரை மணி நேரம் ஓட்டுங்கள். காற்றுக் கூலரில் அதற்குள் வெப்பம் ஒரு நிலைக்கு வந்துவிடும். நீர்க் கூலர் என்றால் உள்ளே இருக்கும் திரவம் சூடாகவே நேரம் பிடிக்கும், ஒரு மணி நேரம் கொடுங்கள். பிறகு பிளெண்டை இரவு முழுக்க விட்டுவிடுங்கள். நீங்கள் வீடியோ, முப்பரிமாண வேலை எதுவும் செய்யாமல் எழுத்து வேலையும் விளையாட்டும் மட்டும் என்றால் இவ்வளவு கடுமை தேவையா என்று கேட்பார்கள். சிறிய அளவுச் சோதனையின் சூடு அன்றாட வேலையில் வராது என்பது சரிதான். ஆனால் கணக்கின் சரித்தன்மையில் ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று ஓர் அளவு கிடையாது.

முழுச் சுமையைத் தாங்கிய கணினி சும்மா இருக்கும்போது நிற்பதும் உண்டு. முரணாகத் தோன்றும், காரணம் எளிது. எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஒரே ஒரு கோர் மட்டும் சிறு வேலை செய்யும்போதுதான் அது உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. மின்னழுத்தத்தைக் குறைத்து அமைத்தவர்களுக்கு இந்தத் தாவலில்தான் அடி விழும். பிரவுசரைத் திறந்தவுடன் ரீஸ்டார்ட் ஆகும், பிரைம்95 எட்டு மணி நேரம் ஓடியிருக்கும். பயாஸில் நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் இது அநேகமாக வராது. மாற்றியிருந்தால் கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கோராகத் தனித்தனியே பிரைம்95ஐ ஓட்டிப் பார்க்கும்.

இனி வெப்பம். ‘என் சிபியு 85 டிகிரி, ஆபத்தா?’ என்ற கேள்விக்கு அந்த எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. கூலர் செய்வதெல்லாம் சிபியுவின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துவதுதான். அதனால் அறை வெப்பத்துக்கு மேல் எவ்வளவு டிகிரி என்பதே கூலரின் திறமையைச் சொல்லும் அளவு. இணையத்தில் வரும் கூலர் மதிப்புரைகள் பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சற்று மேலே வைத்திருக்கும் அறையில் எடுக்கப்பட்டவை. அங்கே 25 டிகிரி அறையில் 75 காட்டினால் வித்தியாசம் 50. கத்திரி வெயிலில் உங்கள் அறை 37 டிகிரி என்றால் அதே கூலர், அதே சிபியு, அதே சுமையில் 87 வரும். கூலரில் பழுது எதுவும் இல்லை. டிசம்பரில் சேர்த்த கணினி 72 டிகிரியில் தேறியதை வைத்து மே மாதத்துக்கும் தேறிவிட்டதாக நினைப்பதும் இதே கணக்கில் தவறு. சோதிக்கும் அறையின் வெப்பத்தையும் குறித்துவைத்தால்தான் அந்த எண் பின்னால் பயன்படும்.

சிபியுவுக்குத் தன் எல்லை தெரியும். ரைசன் 7 7700க்கு அது 95 டிகிரி. 12 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் மேசைக் கணினிச் சிபியுக்களில் பெரும்பாலானவற்றுக்கு 100. எல்லையை நெருங்கியதும் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் அணைந்துவிடும். 7950எக்ஸ் போன்ற பெரிய ரைசன்கள் முழுச் சுமையில் 95ஐத் தொட்டு அங்கேயே நின்று ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. நம் 7700 அப்படியில்லை. அது ஏறத்தாழ 88 வாட்டுக்கு மேல் எடுக்காது. நல்ல கூலரோடு அதுவும் 95ஐத் தொட்டால் தெர்மல் பேஸ்ட்டையும் திருகுகளையும் பார்க்க வேண்டும். எந்தச் சிபியுவானாலும் வெப்பத்தை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் உள்ள வேகத்தையும் பாருங்கள். தொடங்கியபோது இருந்த வேகம் அரை மணி கழித்தும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தால் கூலர் போதும். படிப்படியாகக் கீழே வந்துகொண்டிருந்தால், கொடுத்த பணத்துக்கான வேகம் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

குறை கூலரிலா கேபினெட்டிலா என்று அறியக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. சோதனை ஓடும்போதே கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றுங்கள். பத்து நிமிடத்தில் வெப்பம் ஏழெட்டு டிகிரி இறங்கினால் கூலர் நன்றாகத்தான் வேலை செய்கிறது, கேபினெட்டுக்குள் காற்றுக்கு வழியில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட்டுகளில் இது சாதாரணம். வண்ண விளக்குகளுக்காக அவற்றை வாங்கும் இளைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் வெயிலுக்கு முன்பக்கம் வலை வைத்த கேபினெட்டே ஏற்றது. கதவைத் திறந்தும் வெப்பம் இறங்கவில்லை என்றால் கூலரின் பொருத்தம்தான் குறை.

கிராபிக்ஸ் கார்டுக்கு 3டிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் நல்ல அளவுகோல். ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, முறைக்கு முறை வேகம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும். 97 சதவீதத்துக்குக் குறையாமல் சீராக இருந்தால்தான் தேர்ச்சி. ஃபர்மார்க் என்ற இலவசக் கருவியும் உண்டு. அது கார்டைக் கொதிக்க வைக்கும். கூலிங்கைப் பார்க்கப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டலாம், இரவெல்லாம் ஓட்டுவதை நான் விரும்பவில்லை. அன்றாடத்தில் வராத சுமை, அதில் புதிதாகத் தெரியப்போவதும் குறைவு. திரையில் பொட்டுப் பொட்டாக நிறம் தெறித்தாலோ, முக்கோணங்கள் கிழிந்து பறந்தாலோ கார்டின் மெமரியில் சந்தேகம் வைக்கலாம். மின் இணைப்பு முழுக்க உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று சோதனைக்கு முன்பே விரலால் அழுத்திப் பாருங்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் மின் முனைகள் உருகியபோது, முழுதாகச் செருகாததே பொதுவான காரணம் என்று என்விடியா சொன்னது. 4070இல் பல மாடல்களுக்கும் அதே வகை முனைதான்.

இதுவரை தனித்தனியே தேறியவற்றைச் சேர்த்து ஓட்டும் நேரம் இது. பிரைம்95இன் பிளெண்ட் ஒரு பக்கம், 3டிமார்க் அல்லது நீங்கள் ஆடும் கனமான விளையாட்டு மறுபக்கம். ஓசிசிடி என்ற கருவியில் சிபியுவையும் கார்டையும் ஒன்றாக இழுக்கும் பவர் டெஸ்ட் இருக்கிறது. இந்தக் கூட்டுச் சோதனை ராமையும் மறுபடி சோதிக்கிறது. இரவு மெம்டெஸ்ட் ஓடியபோது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருந்தது. இப்போது அது 200 வாட் சூட்டைக் கேபினெட்டுக்குள் ஊதுகிறது, அதில் கணிசமான பங்கு ராம் குச்சிகள் இருக்கும் பக்கமே போகிறது. சூடான செல்லில் மின்னூட்டம் வேகமாகக் கசியும். இரவில் ஒரு பிழையும் காட்டாத ராம் விளையாட்டின் நடுவே தடுமாறுவது இதனால்தான்.

நீலத்திரைகூட வராமல், பிளக்கைப் பிடுங்கியதுபோல் சட்டென்று அணைந்து மறுபடி துவங்கினால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 என்று பதிவாகியிருக்கும். கணினி முறையாக மூடப்படவில்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம், காரணத்தை அது சொல்லாது. பக்கத்தில் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 18 அல்லது 19 இருந்தால் பார்வையைச் சிபியு, ராம் பக்கம் திருப்புங்கள். 19 என்பது திருத்தப்பட்ட பிழை. கணினி நிற்காமல் ஓடியிருக்கும், ஆனாலும் அது தேர்ச்சி ஆகாது. இரவுச் சோதனைக்குப் பிறகு இந்தப் பட்டியலைத் திறந்து பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

நம் வீடுகளில் எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடும் முன் யுபிஎஸ்ஸைப் பார்க்க வேண்டும். 600 விஏ என்று விற்கும் சிறிய யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். நம் உதாரணக் கணினியில் சிபியு 88, கார்டு 200, மற்றவை, எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாகும் மின்சாரம், மானிட்டர் என்று கூட்டினால் அந்த எல்லைக்கே வந்துவிடுகிறது. கார்டு கணநேரத்தில் தன் சராசரியைவிட மிக அதிகமாக இழுப்பதும் உண்டு. மின்சாரம் போகும் நொடியில் கணினி அணைந்தால் குற்றவாளி யுபிஎஸ். கூட்டுச் சோதனையைச் சுவர் பிளக்கில் நேரடியாக ஒரு முறை ஓட்டி ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் கம்பியில் மின்னழுத்தம் 11.4க்கும் 12.6க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது தர அளவு. மென்பொருள் காட்டும் வோல்ட் அளவை அப்படியே நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டிக்கு அதிக நேரம் தேவையில்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் புதியதுதானா, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை எழுதி வெப்பத்தைக் கவனித்தால் போதும்.

சோதனை தோற்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் பயாஸை அடிப்படை அமைப்புக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள். பிழைச் செய்தி எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதுவே பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் சிபியு வாங்கிய பலருக்கு விளையாட்டு தொடங்கும்போது ‘கிராபிக்ஸ் மெமரி போதவில்லை’ என்று செய்தி வந்தது. கார்டைச் சந்தேகித்தார்கள், டிரைவரை மாற்றினார்கள். உண்மையில் சுருக்கிவைத்த தரவைப் பிரிக்கும் கணக்கைச் சிபியு தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தது. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் சிபியு நாளடைவில் தேய்ந்துபோவதை 2024இல் இன்டெல் உறுதிப்படுத்தி, பயாஸ் வழியே திருத்தம் கொடுத்தது, வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்த சிபியுவை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. அந்த வரிசைச் சிபியுவை இன்று வாங்குபவர்கள், குறிப்பாகப் பழைய சரக்கு அல்லது கைமாறியது வாங்குபவர்கள், பயாஸை அப்டேட் செய்துவிட்டுப் பிறகுதான் சோதிக்க வேண்டும்.

எல்லாம் தேறியதும் ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்துவைத்துவிடுங்கள்: தேதி, அறை வெப்பம், பயாஸ் பதிப்பு, ராம் வேகம், முழுச் சுமையில் சிபியு வெப்பமும் வேகமும், கார்டு வெப்பம். அடுத்த ஆண்டு அதே சோதனையில், அறை வெப்பத்தைக் கழித்த பிறகும் பத்து டிகிரி கூடியிருந்தால் தூசு அடைத்திருக்கும், அல்லது பேஸ்ட் காய்ந்திருக்கும். ராமைக் கூட்டினாலோ பயாஸை மாற்றினாலோ மெம்டெஸ்ட் இரவு மறுபடி தேவை. பயாஸ் அப்டேட் ஆனதும் எக்ஸ்போ தானாக அணைந்து ராம் 4800க்குத் திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.